மெமோ வந்த செவிலியருக்கு: பணியிடக் குற்றச்சாட்டை எதிர்கொள்ளும் முறை

வார்டில் ஒரு புகார் எழுந்தால், செவிலியரின் கைக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் ஒரு வெள்ளைத்தாள்தான். இரவுப் பணி முடித்து வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் செவிலியர் கண்காணிப்பாளரின் அறைக்கோ நிலைய மருத்துவ அலுவலரின் அறைக்கோ அழைத்து, "நடந்ததை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள், சிஸ்டர்" என்பார்கள். தூக்கமில்லாத கண்ணோடும் பதற்றத்தோடும் அந்தத் தாளில் எழுதும் நான்கு வரிகள், பல மாதங்கள் கழித்து நடக்கும் துறை விசாரணையில் அரசுத் தரப்பின் முதல் ஆவணமாக வந்து நிற்கும். பிறகு எத்தனை பக்கம் விளக்கம் எழுதினாலும், விசாரணை அலுவலர் அந்த நான்கு வரிகளோடுதான் அதை ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆகவே குற்றச்சாட்டை எதிர்கொள்ளும் வேலை குறிப்பாணை (மெமோ) வந்த நாளில் தொடங்குவதில்லை. அந்த வெள்ளைத்தாளிலேயே தொடங்கிவிடுகிறது. தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனையிலும் தனியார் மருத்துவமனையிலும் பணிபுரியும் செவிலியர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

மேலதிகாரி விளக்கம் கேட்டால் தரமாட்டேன் என்று சொல்வது சரியல்ல. அதுவே கீழ்ப்படியாமை என்ற தனிக் குற்றச்சாட்டாக மாறிவிடும். ஆனால் என்ன புகார், யார் கொடுத்தது, எந்த நோயாளியைப் பற்றியது என்பதைக் கேட்கவும், பதிவேடுகளைப் பார்த்துவிட்டு எழுத அவகாசம் கேட்கவும் எவருக்கும் உரிமை உண்டு. அதையும் வாய்மொழியாகக் கேட்காமல் எழுத்திலேயே கேட்க வேண்டும்: "என்னிடம் வாய்மொழியாக விளக்கம் கோரப்பட்டது. புகாரின் நகலையும், சம்பந்தப்பட்ட கேஸ் ஷீட், மருந்து அட்டவணை, பணி ஒப்படைப்புப் பதிவேடு ஆகியவற்றையும் பார்வையிட்ட பின் நாளை முற்பகல் 11 மணிக்குள் எழுத்துமூலம் விளக்கம் அளிக்கிறேன்" என்று இரண்டு வாக்கியம் எழுதி, தேதியும் நேரமும் இட்டு, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்கிக்கொண்டால் போதும்.

பிறர் சொல்லச் சொல்ல எழுதுவதையும், வெற்றுத்தாளில் கையெழுத்திடுவதையும் எந்தச் சூழலிலும் செய்யக் கூடாது. இன்சார்ஜ் சிஸ்டர் நல்ல எண்ணத்தோடுதான், "ஒரு மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள், இதோடு முடிந்துவிடும்" என்று சொல்லக்கூடும். சிறு உரசல்களில் அது உண்மையாகவே முடிந்தும் போகும். ஆனால் நோயாளிக்குப் பாதிப்பு ஏற்பட்டிருந்தாலோ, உறவினர்கள் காவல் நிலையத்துக்கும் தொலைக்காட்சிக்கும் போயிருந்தாலோ, "தவறு நடந்துவிட்டது, இனி இவ்வாறு நடக்காது, மன்னிக்கவும்" என்ற வாக்கியம் ஒப்புதல் வாக்குமூலமாகவே படிக்கப்படும். எது தவறு, எந்த அளவு, யாருடையது என்ற எதையும் அந்த வாக்கியம் பிரித்துச் சொல்வதில்லை. வருத்தம் தெரிவிக்க வேண்டுமென்றால், "நோயாளிக்கு ஏற்பட்ட துன்பத்துக்கு வருந்துகிறேன்" என்று எழுதலாம். அதில் மனிதத்தன்மையும் இருக்கிறது, நிகழாத ஒன்றை ஏற்பதும் இல்லை.

பதிவேடுகளில் கைவைப்பதுதான் இந்தக் கட்டத்தில் செய்யக்கூடிய மிகப் பெரிய பிழை. விடுபட்ட கையெழுத்தைப் போடுவது, நேரத்தின் மேல் வேறு நேரத்தை எழுதுவது, ரிப்போர்ட் புக்கில் இரு வரிகளுக்கிடையே ஒரு வரியைச் செருகுவது போன்றவை அலட்சியம் என்ற குற்றச்சாட்டை ஆவணத் திருத்தம் என்ற குற்றமாக உயர்த்திவிடும். முன்னதற்கு ஊதிய உயர்வு நிறுத்தத்தோடு தப்பித்திருக்கக் கூடியவர் பின்னதற்கு வேலையையே இழக்க நேரிடும். மையின் நிறமும் எழுத்தின் நெருக்கமும் காட்டிக்கொடுக்கும் என்பது ஒருபுறம் இருக்க, கேஸ் ஷீட்டை உறவினர் ஏற்கெனவே கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருப்பதும் இப்போது சாதாரணம். உண்மையிலேயே ஒரு பதிவு விட்டுப்போயிருந்தால், எழுதும் நாளின் தேதியையும் நேரத்தையும் போட்டு, தாமதப் பதிவு என்று வெளிப்படையாகக் குறித்து, நடந்ததை எழுதிக் கையெழுத்திடுவதே மரபு. புகார் வந்த பிறகு அதையும் தானாகச் செய்யாமல், பதிவு விடுபட்டிருப்பதை மேலதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, அதைப் புதிதாகக் கொடுக்கும் விளக்கத்திலேயே சொல்வது பாதுகாப்பானது.

அன்றிரவே, வீட்டில் உட்கார்ந்து, உங்களுக்கு மட்டுமான ஒரு குறிப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணிக்கு வந்த நேரம், யாரிடமிருந்து பொறுப்பேற்றீர்கள், வார்டில் எத்தனை நோயாளிகள், உடன் யார், எந்த மருத்துவரை எப்போது அழைத்தீர்கள், அவர் என்ன சொன்னார், புகார் கொடுத்தவர் எங்கே நின்று என்ன பேசினார், அருகில் யார் இருந்தார்கள் என்பவற்றை நினைவில் உள்ளபடி வரிசையாக எழுதுங்கள். அழைப்புப் பட்டியலில் உள்ள நேரங்கள் கைப்பேசியிலிருந்து அழிந்துபோகும் முன் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கண்காணிப்புக் கேமரா இருக்கும் இடத்தில் சம்பவம் நடந்திருந்தால், இன்ன தேதி, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரையிலான பதிவைப் பாதுகாத்து வைக்குமாறு உடனே எழுதிக் கொடுங்கள். பல மருத்துவமனைகளில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு தானாக ஏறிவிடும். கேஸ் ஷீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதோ, பத்திரிகையாளரிடம் உங்கள் பக்க நியாயத்தைச் சொல்வதோ வேண்டாம். நோயாளியின் தகவல்கள் வெளியே போவது தனியான குற்றச்சாட்டுக்கு இடம் தரும். அரசு ஊழியருக்கு 1973ஆம் ஆண்டின் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளும் குறுக்கே நிற்கும்.

வந்திருப்பது எந்த வகைக் குறிப்பாணை

அரசுப் பணியில் நிரந்தரமாக இருப்பவர்களுக்குத் தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகள்தான் அடிப்படை. குறிப்பாணையில் 17(அ) என்றிருந்தால் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம் போன்ற சிறு தண்டனைகளுக்கான நடவடிக்கை. 17(ஆ) என்றிருந்தால் பதவியிறக்கம், கட்டாய ஓய்வு, பணிநீக்கம் வரை போகக்கூடிய பெரும் தண்டனைகளுக்கான நடவடிக்கை. மருத்துவமனை வளாகத்தில் இவற்றை "பதினேழு ஏ", "பதினேழு பி" என்றே எல்லோரும் சொல்வார்கள். முதலில் வரும் சாதாரண விளக்கம் கோரும் மெமோ இவை இரண்டுமல்ல. ஆனால் அதற்குத் தரும் பதிலைப் பார்த்துத்தான் எந்த விதியின்கீழ் நடவடிக்கை எடுப்பது என்று முடிவாகும்.

17(ஆ) குறிப்பாணையில் குற்றச்சாட்டுகள், அவற்றுக்கு ஆதாரமான விவரங்கள், சாட்சிகள் மற்றும் ஆவணங்களின் பட்டியல் ஆகியவை இருக்க வேண்டும். எழுத்துமூல விளக்கத்தைத் தரும்போதே, வாய்மொழி விசாரணை வேண்டுமா, நேரில் கேட்கப்பட வேண்டுமா, இரண்டும் வேண்டுமா என்பதையும் தெரிவிக்கச் சொல்லி அதில் ஒரு வரி இருக்கும். பலர் விளக்கத்தைப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இந்த வரிக்குப் பதில் எழுத மறந்துவிடுகிறார்கள். வாய்மொழி விசாரணை கேட்காவிட்டால், உங்களுக்கு எதிராகச் சொன்னவர்களைக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு கைநழுவக்கூடும். குற்றச்சாட்டை மறுப்பவர் எவராக இருந்தாலும், "வாய்மொழி விசாரணையும் நேரில் கேட்கப்படும் வாய்ப்பும் கோருகிறேன்" என்று தனிப் பத்தியாக எழுதிவிடுவது நல்லது.

கவனக்குறைவு எல்லாம் ஒழுங்கீனம் ஆகிவிடாது என்பதையும் இங்கே அறிந்திருக்க வேண்டும். 1979இல் ஜே. அஹமது வழக்கில் உச்ச நீதிமன்றம், திறமைக் குறைவோ கணிப்பில் ஏற்படும் பிழையோ தன்னளவில் ஒழுங்கீனம் ஆகாது என்றும், விளைவு ஈடுசெய்ய முடியாததாக இருக்கும்போதோ அலட்சியத்தின் அளவு மிக அதிகமாக இருக்கும்போதோதான் நிலை மாறும் என்றும் விளக்கியது. ஒரே செவிலியர் இரண்டு வார்டுகளைப் பார்த்த இரவில் ஓர் ஊசி தாமதமானதும், கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்ததால் தாமதமானதும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டை நிலைநாட்டுவதுதான் பெரும்பாலான விளக்கங்களின் உண்மையான வேலை.

விளக்கம் எழுதுதல்

ஓர் எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம். மகப்பேற்றுக்குப் பிந்தைய வார்டில் இரவுப் பணியில் இருந்த செவிலியருக்கு இப்படி ஒரு குறிப்பாணை வருகிறது என்று கொள்வோம்: "பணியில் அலட்சியமாக இருந்து, 9ஆம் படுக்கை நோயாளிக்கு உரிய நேரத்தில் ஊசி போடாமலும், கேட்ட உறவினரிடம் கண்ணியக் குறைவாகப் பேசியும், மருத்துவமனையின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தியுள்ளார்."

இதைப் படித்ததும் எழும் கோபத்தில் பெரும்பாலானவர்கள் எழுதும் விளக்கம் எப்படியிருக்கும் என்று சொல்லிவிடலாம். பல ஆண்டுகளாக ஒரு புகாரும் இல்லாமல் பணிபுரிந்தேன், நோயாளிகளைச் சொந்தக் குடும்பத்தினராகவே நினைப்பேன், வேண்டாதவர்களின் தூண்டுதலால் இந்தப் புகார் வந்துள்ளது, மனவேதனையில் இருக்கிறேன் என்று போகும். இதில் ஒரு சொல்கூடப் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஊசி எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்ற கேள்விக்கு அதில் விடையில்லை. கோப்பைப் பார்க்கும் இணை இயக்குநர் அலுவலக உதவியாளர், "குற்றச்சாட்டு மறுக்கப்படவில்லை" என்று குறிப்பெழுதி மேலே அனுப்ப அது வழிவகுக்கும்.

மேற்கண்ட குறிப்பாணையில் மூன்று குற்றச்சாட்டுகள் ஒரே வாக்கியத்தில் கலந்து கிடக்கின்றன: ஊசி தாமதம், பேச்சு, நற்பெயர். மூன்றையும் பிரித்து, எண்ணிட்டு, தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டும். முதலாவதற்கான பதில் ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்:

"இரவு 10.00 மணிக்குப் போட வேண்டிய செஃபோடாக்சிம் 1 கிராம் ஊசி, இரவு 11.40 மணிக்குப் போடப்பட்டது. அந்த நேரம் மருந்து அட்டவணையில் என் கையெழுத்துடன் பதிவாகியுள்ளது. இரவு 9.50 மணிக்கு 14ஆம் படுக்கையில் இருந்த தாய்க்கு அதிக இரத்தப்போக்கு ஏற்பட்டது. 9.55 மணிக்குப் பணி மருத்துவரை அழைத்தேன். அவரது குறிப்பு அந்தத் தாயின் கேஸ் ஷீட்டில் உள்ளது. 11.30 மணிக்கு அவர் அறுவை அரங்குக்கு மாற்றப்படும் வரை அவரை விட்டு நகர இயலவில்லை. அன்றிரவு வார்டில் 34 தாய்மார்கள் இருந்தனர். பணியில் இருந்த செவிலியர் நான் ஒருவரே. இது பணிப்பட்டியலிலும் நோயாளர் கணக்கெடுப்புப் பதிவேட்டிலும் உள்ளது. தாமதம் குறித்து 11.45 மணிக்குப் பணி மருத்துவரிடம் தெரிவித்தேன். நோயாளியின் நாடித்துடிப்பு, வெப்பநிலை ஆகியவை அப்போது இயல்பாக இருந்ததாக அட்டவணை காட்டுகிறது."

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. தாமதத்தை மறைக்கவில்லை; அதை முதல் வாக்கியத்திலேயே ஒப்புக்கொண்டதால் மற்ற வாக்கியங்கள் நம்பகமாகின்றன. ஒவ்வொரு செய்திக்கும் அதைத் தாங்கும் பதிவேடு எது என்று சொல்லப்பட்டிருக்கிறது. சம்பந்தமில்லாத நோயாளியின் பெயர் வரவில்லை. படுக்கை எண்ணே போதுமானது. ஆள் பற்றாக்குறை புலம்பலாக வராமல் எண்ணிக்கையாக வந்திருக்கிறது. மருத்துவர் மீது பழி போடவும் இல்லை; அவரது குறிப்பைச் சாட்சியாக அழைத்திருக்கிறது. தொலைபேசியில் மருத்துவர் சொன்ன மருந்தைக் கொடுத்ததால் பிரச்சினை எழுந்திருந்தால், அழைத்த நேரம், சொன்ன சொற்கள், அதைத் திரும்பச் சொல்லி உறுதி செய்தீர்களா, பின்னர் அவர் கையெழுத்திட்டாரா என்பவற்றை இதே முறையில் அடுக்க வேண்டும்.

பேச்சு பற்றிய இரண்டாவது குற்றச்சாட்டு சிக்கலானது. ஏனென்றால் அதற்குப் பதிவேடு கிடையாது. கண்ணியக் குறைவான சொல் எது, எந்த மணிக்கு, யார் கேட்டது என்பது குறிப்பாணையில் இல்லையென்றால், அந்த விவரங்கள் இல்லாமல் பதில் சொல்ல இயலவில்லை என்பதை முதலில் பதிவு செய்து, விவரம் கேட்க வேண்டும். தெளிவற்ற குற்றச்சாட்டின் மேல் தண்டனை விதிக்க முடியாது என்பது நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் கொள்கை. பிறகு உங்களுக்கு நினைவிருக்கும் உரையாடலை, "வெளியே இருங்கள், பக்கத்துத் தாய்க்கு இரத்தப்போக்கு, முடித்துவிட்டு வருகிறேன் என்று உரத்த குரலில் கூறினேன்" என்பது போலச் சொன்னபடியே எழுதுங்கள். குரல் உயர்ந்தது உண்மையென்றால் அதைச் சொல்வதில் இழப்பு ஒன்றுமில்லை. உறவினர் குடித்திருந்தார், மரியாதை தெரியாதவர் என்றெல்லாம் எழுதுவது உங்கள் மீதான குற்றச்சாட்டையே உறுதிப்படுத்துவது போலாகும். அவர் தாக்கவோ மிரட்டவோ செய்திருந்தால் அது வேறு விஷயம். மருத்துவப் பணியாளர்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் மருத்துவமனை நிர்வாகம் வழியாகத் தனிப் புகார் கொடுக்க வேண்டும். அதைக் குறிப்பாணை வந்த பிறகு கொடுத்தால் பழிவாங்கல் என்று எடுத்துக்கொள்வார்கள். சம்பவம் நடந்த அன்றே கொடுத்திருக்க வேண்டியது அது.

மூன்றாவது குற்றச்சாட்டு முதல் இரண்டின் நிழல்தான். முதல் இரண்டும் நிற்கவில்லையென்றால் இதுவும் நிற்காது என்று ஒரு வரியில் முடிக்கலாம்.

மார்ஃபின், பெத்திடின், ஃபென்டனில் போன்ற போதைத் தன்மையுள்ள மருந்துகளின் கணக்கு குறைந்ததாக வரும் குற்றச்சாட்டு இந்த எடுத்துக்காட்டின் அளவுகோலில் அடங்காது. அதில் சாவி யாரிடம் இருந்தது, பணி மாற்றத்தின்போது எண்ணிக்கை யார் யார் கையெழுத்தில் ஒப்படைக்கப்பட்டது, உடைந்த ஆம்பூல் பதிவானதா என்பவையே எல்லாம். குற்றவியல் வழக்காக மாறக்கூடியது என்பதால் வழக்கறிஞரைப் பார்க்காமல் ஒரு வரியும் எழுதக் கூடாது.

எழுதி முடித்த விளக்கத்தை உரிய வழியாக அனுப்பி, அலுவலகத் தபால் பிரிவில் தேதியிட்ட ஒப்புகை பெறுங்கள். வாங்க மறுத்தால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். ஆவணங்கள் கிடைக்காமல் அவகாசம் போதவில்லையென்றால், கெடு முடியும் முன்பே நீட்டிப்புக் கேட்க வேண்டும். அரசு மருத்துவமனையில் பணிப்பட்டியல், மருந்து இருப்புப் பதிவேடு போன்றவற்றின் நகல்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழும் கேட்கலாம். 30 நாட்களில் பதில் வர வேண்டும்.

விசாரணை அறையில்

விசாரணை அலுவலர் நீதிபதி அல்லர். பெரும்பாலும் வேறு ஒரு மருத்துவமனையைச் சேர்ந்த மருத்துவராகவோ நிர்வாக அலுவலராகவோ இருப்பார். குற்றவியல் நீதிமன்றத்தைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை; நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று தோன்றினாலே போதும். அதனால் குறுக்கு விசாரணையில் சாட்சியைத் திணறடிக்க முயல்வதைவிட, நேரத்தையும் இடத்தையும் பற்றிய குறுகிய கேள்விகளே பயன் தரும். "நீங்கள் எத்தனை மணிக்கு வார்டுக்கு வந்தீர்கள்? அப்போது 14ஆம் படுக்கை அருகே யார் யார் நின்றார்கள்?" என்ற இரு கேள்விகள், "நீங்கள் பொய் சொல்கிறீர்கள் அல்லவா?" என்பதைவிட அதிகம் பெற்றுத்தரும். ஒவ்வொரு நாளின் விசாரணைப் பதிவையும் முழுதாகப் படித்த பின்பே கையெழுத்திடுங்கள். சொல்லாத சொல் இருந்தால் கையெழுத்துக்கு மேலேயே அதைக் குறித்துவிடுங்கள்.

விசாரணை அறிக்கை உங்களுக்கு எதிராக வந்தால், தண்டனை விதிக்கும் முன் அதன் நகலை உங்களுக்குத் தந்து கருத்துக் கேட்க வேண்டும் என்று 1993இல் கருணாகர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. இந்த மேல்விளக்கத்தைச் சடங்காக எண்ணி, முன்பு கொடுத்ததையே திரும்பக் கொடுப்பவர்கள் உண்டு. அறிக்கை எந்தச் சாட்சியைக் கணக்கில் எடுக்கவில்லை, குறிப்பாணையில் இல்லாத எந்தக் குற்றத்தை நிரூபணமானதாகச் சொல்கிறது என்பவற்றைப் பத்தி எண்ணோடு சுட்டிக்காட்டுவதற்கான இடம் அது. மேல்முறையீட்டிலும் உயர் நீதிமன்றத்திலும் இந்தத் தாளைத்தான் முதலில் புரட்டுவார்கள்.

பணியிடை நீக்கம்

பணியிடை நீக்கம் தண்டனை ஆகாது என்பது சட்டத்தின் பார்வை. ஊரின் பார்வை வேறு என்பது எல்லோரும் அறிந்ததே. ஆணையில் குறித்த தலைமையிடத்தை விட்டு அனுமதியின்றி வெளியூர் போகக் கூடாது. பிழைப்பூதியம் (பணியிடை நீக்கக் காலத்தில் தரப்படும் குறைந்த ஊதியம்) பெற, வேறு எங்கும் வேலை செய்யவில்லை என்ற சான்றைத் தர வேண்டியிருக்கும். ஆகவே வீட்டுச் செலவுக்கென்று பக்கத்து நர்சிங் ஹோமில் இரவுப் பணிக்குப் போவது இரண்டாவது குற்றச்சாட்டை வலியப் போய் வாங்குவதாகும். 2015இல் அஜய் குமார் சௌத்ரி வழக்கில், மூன்று மாதத்துக்குள் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தரப்படாவிட்டால் பணியிடை நீக்கத்தை அதற்கு மேல் நீட்டிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் மூன்று மாதம் ஆனதும் ஆணை தானாக நீங்கிவிடும் என்று காத்திருக்காமல், தீர்ப்பைச் சுட்டி மறுஆய்வு மனு கொடுக்க வேண்டும்.

தனியார் மருத்துவமனையிலும் ஒப்பந்தப் பணியிலும்

தனியார் மருத்துவமனைகளில் குறிப்பாணையைவிட முன்னதாக வருவது ராஜினாமாப் பேச்சு. "நீங்களே எழுதிக் கொடுத்தால் அனுபவச் சான்றிதழில் ஒன்றும் வராது, இல்லையென்றால் செவிலியர் கவுன்சிலுக்கு எழுதுவோம்" என்று மனிதவளப் பிரிவில் மென்மையாகச் சொல்வார்கள். விலகுவதே உங்களுக்கு நல்லது என்று நீங்கள் முடிவெடுக்கலாம். ஆனால் அந்த அறையில், அந்த நேரத்தில் எடுக்கக் கூடாது. ராஜினாமா கொடுத்தவரைப் பணிநீக்கம் செய்யப்பட்டவராகச் சட்டம் பார்ப்பதில்லை. பின்னர் வற்புறுத்தல் என்று நிரூபிப்பது பெரும்பாடு. அழுத்தம் கொடுத்தார்கள் என்றால், அன்றே ஒரு மின்னஞ்சலில், "இன்று பிற்பகல் 3 மணிக்கு ராஜினாமாக் கடிதம் தருமாறு கேட்கப்பட்டேன், எனக்கு விலகும் எண்ணம் இல்லை, பணியைத் தொடரத் தயாராக உள்ளேன்" என்று அனுப்பி வையுங்கள்.

விசாரணை நிலுவையில் நிறுத்திவைத்தால், தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டம், 1981இன்படி முதல் 90 நாட்களுக்கு ஊதியத்தில் 50 விழுக்காடும், 90 முதல் 180 நாட்கள் வரை 75 விழுக்காடும், அதன்பின் முழு ஊதியமும் தர வேண்டும். தாமதத்துக்கு நீங்கள் காரணமாக இருக்கக் கூடாது. விசாரணையின்றியோ பெயருக்கு நடந்த விசாரணையின் பேரிலோ வேலையிலிருந்து நீக்கினால், 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பின்கீழ் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் தனிநபராகவே முறையிடலாம். இதற்கு இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. முழுமையாகவோ பெருமளவிலோ அறப்பணியில் ஈடுபட்டுள்ள அமைப்புகளின் நிறுவனங்களைப் புதிய தொகுப்பு தொழில் என்ற வரையறையிலிருந்து விலக்கியிருப்பதால், அறக்கட்டளை மருத்துவமனையில் பணிபுரிபவர்கள் வழக்கறிஞரின் கருத்தைக் கேட்ட பிறகே எந்த மன்றம் என்று முடிவு செய்ய வேண்டும்.

அரசு மருத்துவமனையில் தொகுப்பூதியத்தில் உள்ளவர்களுக்கு நிரந்தரச் செவிலியர்களின் முழுப் பாதுகாப்பு கிடையாது. ஆயினும் ஒப்பந்தம் முடிந்தது என்று விடுவிப்பது வேறு, குற்றம் செய்தார் என்று களங்கம் சுமத்தி விடுவிப்பது வேறு. பின்னதற்கு விசாரணை தேவை என்பது நிலைபெற்ற சட்டம். விடுவிப்பு ஆணையில் உள்ள சொற்களை அதனால்தான் கவனமாகப் படிக்க வேண்டும்.

காவல் நிலையம் வரை போனால்

நோயாளி இறந்து உறவினர் புகார் கொடுத்தால், இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 106(1)இன்கீழ் வழக்குப் பதிவாகலாம். அலட்சியத்தால் மரணம் விளைவித்தலுக்கு அதில் ஐந்து ஆண்டு வரை சிறை. மருத்துவச் செயல்முறையின்போது நேர்ந்தால் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டு ஆண்டு வரை. இந்தச் சலுகை தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே என்று விளக்கவுரை சொல்வதால், ஒரே படுக்கையருகே ஒரே தவறுக்காக நிற்கும் மருத்துவரும் செவிலியரும் வெவ்வேறு உச்சத் தண்டனைக்கு உள்ளாகிறார்கள். செவிலியர் சங்கங்கள் இதைவிடச் சிறிய விஷயங்களுக்குப் போராடியிருக்கின்றன என்பது என் எண்ணம். இது பிணையில் விடக்கூடிய குற்றம் என்பது மட்டும் ஆறுதல்.

சாட்சியாக விசாரிக்க வேண்டிய பெண்ணை அவர் வசிக்கும் இடத்தைத் தவிர வேறிடத்துக்கு வரச்சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும், புலன்விசாரணையில் காவலரிடம் கொடுக்கும் வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டியதில்லை என்பதும் இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் உள்ளவை. 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், தகுதியுள்ள, சார்பற்ற மருத்துவரின் கருத்தைப் பெறாமல் மருத்துவர் மீது நடவடிக்கைக்குப் போகக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் வகுத்த நெறியைச் செவிலியர் வழக்கிலும் எடுத்துவைக்க முடியும். துறை விசாரணையும் குற்ற வழக்கும் ஒரே சம்பவத்தின் மேல் ஒன்றாக நடக்கும்போது, விளக்கத்தில் எழுதுவது குற்ற வழக்கில் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம். அந்த நிலையில் துறை விசாரணையை நிறுத்திவைக்கக் கோரலாமா என்பதைப் பால் அந்தோணி வழக்கின் (1999) அடிப்படையில் வழக்கறிஞர் சொல்ல வேண்டும். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம்: சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி, வருமானம் எதுவானாலும் எல்லாப் பெண்களுக்கும் உண்டு; 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். இழப்பீட்டு வழக்கைப் பொறுத்தவரை சுமை பெரும்பாலும் நிர்வாகத்தின் மேலேயே விழும். 1998இல் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில், செவிலியர் போட்ட ஊசியால் குழந்தைக்கு நேர்ந்த பாதிப்புக்கு மருத்துவமனையை உச்ச நீதிமன்றம் பொறுப்பாக்கியது.

பாலியல் தொல்லைப் புகார் உங்கள் மீது வந்தால் அது 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் உள்ளகக் குழுவுக்குப் போகும். விசாரணை 90 நாட்களில் முடிய வேண்டும். புகார் கொடுத்தவரிடம் நேரிலோ நண்பர் மூலமோ சமரசம் பேசப் போவது சாட்சியைக் கலைத்ததாகக் கொள்ளப்படும். மறுப்பு எதுவானாலும் குழுவின் முன் மட்டும் சொல்லுங்கள்.

ஆணை வந்த பின்

தண்டனை ஆணையைப் பெற்றுக்கொண்ட தேதியை அதன் மேலேயே குறித்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டுக் கெடு அதிலிருந்துதான் ஓடும். ஊதிய உயர்வு நிறுத்தம் என்றிருந்தால், அது தொடர் விளைவுடனா, இன்றியா என்று பாருங்கள். முன்னது ஓய்வூதியம் வரை பாதிக்கும், பின்னது அந்தக் காலத்தோடு முடியும். விளக்கத்தில் எழுப்பிய வாதங்களுக்குக் காரணம் சொல்லாமல் "விளக்கம் ஏற்கத்தக்கதாக இல்லை" என்ற ஒற்றை வரியோடு ஆணை முடிந்திருந்தால், அதுவே மேல்முறையீட்டின் முதல் காரணமாக இருக்கட்டும். துறைக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் அரசுச் செவிலியர் போக வேண்டிய இடம் சென்னை உயர் நீதிமன்றம் அல்லது அதன் மதுரைக் கிளை.

பணியிலிருந்து நீக்கியவுடன் செவிலியராகப் பணிபுரியும் தகுதி போய்விடாது. பதிவு தமிழ்நாடு செவிலியர் கவுன்சிலிடம் உள்ளது. அதை நீக்கத் தனி நடவடிக்கையும் தனி அறிவிப்பும் வேண்டும். எனவே முகவரி மாறியிருந்தால் கவுன்சிலின் பதிவில் உடனே திருத்துங்கள், பதிவைப் புதுப்பிக்கும் தேதியையும் தவறவிடாதீர்கள். குற்றச்சாட்டு கைவிடப்பட்டால், கைவிடப்பட்டதாக எழுத்தில் ஆணை கேட்டு வாங்கி, பணியிடை நீக்கக் காலம் எப்படி முறைப்படுத்தப்பட்டது என்பதும் பணிப்பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். "எல்லாம் முடிந்துவிட்டது, சிஸ்டர்" என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்ட கோப்பு, பதவி உயர்வுப் பட்டியல் தயாராகும் ஆண்டில் நிலுவை என்ற பெயரில் திரும்ப வரக்கூடும்.